இல்லாத உலோகங்களின் வரலாறு

1979ஆம் ஆண்டு, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து தடித்த விதிநூல் ஒன்று வெளிவந்தது. 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டை நடத்துபவருக்கான கையேடு அது. எழுதியவர் கேரி கைகாக்ஸ். மாயக் கவசங்களைப் பற்றிய பகுதியில் போகிறபோக்கில் ஒரு தரவரிசை வருகிறது. மூன்று புள்ளி கூடுதல் காப்புத் தரும் கவசம் விண்கல் இரும்பால் ஆன எஃகு. நான்கு புள்ளி தருவது மித்ரல் கலந்த எஃகு. ஐந்து புள்ளி தருவது அடமன்ட்டைட் கலந்த எஃகு. வேறு விளக்கம் எதுவும் அங்கே இல்லை.

இந்த மூன்றும் மூன்று வேறு உலகங்களிலிருந்து வந்தவை. முதலாவது நிஜமாகவே வானத்திலிருந்து விழுவது. இரண்டாவது 20ஆம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் ஒருவரின் கற்பனை. மூன்றாவது ஏறக்குறைய 2,700 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கப் புராணத்தில் தோன்றியது. கைகாக்ஸ் அவற்றை ஒரே ஏணியின் படிகளாக அடுக்கினார். அதற்கு முந்தைய கதைகளில் இப்படிப்பட்ட உலோகம் என்றால் ஒற்றைப் பொருள்தான்: ஒரு தெய்வத்தின் அரிவாள், ஒரு நகரத்தின் மதில், ஒரு வீரனின் சட்டை. விளையாட்டு வந்த பிறகுதான் அதற்கு எடையும் விலையும் தரப்புள்ளியும் கொண்ட அட்டவணை கிடைத்தது. அந்த அட்டவணைக்குள் வந்து சேர்ந்த ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஓர் உண்மையான உலோகமோ, உண்மையான தொழிலோ மறைந்திருக்கிறது.

விண்கல் இரும்பிலிருந்தே தொடங்கலாம். தாதுவை உருக்கி இரும்பு பிரிக்கும் வித்தை தெரியாத காலத்திலேயே மனிதர் கையாண்ட இரும்பு இது. எகிப்தின் கெர்சே இடுகாட்டில் கிடைத்த சிறு குழல்மணிகள் கி.மு. 3200ஐ ஒட்டியவை. விண்கல் இரும்பைத் தகடாகத் தட்டி, சுருட்டிச் செய்தவை. கி.மு. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இறந்த துட்டன்காமனின் உடலோடு ஓர் இரும்புக் குத்துவாள் இருந்தது. எக்ஸ்கதிர் ஆய்வின் முடிவு 2016இல் வெளியானபோது அதில் ஏறக்குறைய 11 சதவீதம் நிக்கலும் சிறிதளவு கோபால்ட்டும் இருப்பது தெரியவந்தது. தாதுவிலிருந்து எடுக்கும் இரும்பில் இவ்வளவு நிக்கல் இருக்காது. தங்கம் நிறைந்த கல்லறையில் இளம் அரசனின் உடலை ஒட்டி ஓர் இரும்புத் துண்டை வைத்ததன் காரணமும் அப்போது விளங்கியது. அந்தக் காலத்தில் அது தங்கத்தைவிட அரிது.

ஆனால் வானத்து இரும்பு நல்ல ஆயுதமாகுமா என்பது வேறு கேள்வி. அதற்கு ஒரு பேரரசர் தம் கைப்பட விடை எழுதிவைத்திருக்கிறார். 1621 ஏப்ரலில் ஜாலந்தருக்கு அருகே பெரும் சத்தத்தோடு ஒளி ஒன்று தரையில் வந்து விழுந்தது. உள்ளூர் அதிகாரி அந்த இடத்தைத் தோண்டச் செய்தார். தோண்டத் தோண்டச் சூடு கூடியது. அடியில் உலையிலிருந்து அப்போதுதான் எடுத்ததுபோல் ஓர் இரும்புக் கட்டி. அது முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் அவைக்கு வந்தது. அவர் முன்னிலையில் நிறுத்தபோது 160 தோலா, ஏறக்குறைய 2 கிலோ. உஸ்தாத் தாவூத் என்ற கொல்லரிடம் கொடுத்து வாள் செய்யச் சொன்னார்கள். சம்மட்டி அடிக்குக் கட்டி நிற்கவில்லை, உதிர்ந்து போனது. விண்கல் இரும்பில் கலந்திருக்கும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் சூட்டில் செய்யும் வேலை அது. பிறகு மூன்று பங்கு வானத்து இரும்பும் ஒரு பங்கு மண்ணிரும்பும் கலந்து அடித்தார் தாவூத். இரண்டு வாள்களும் ஒரு குத்துவாளும் ஒரு கத்தியும் தேறின. யேமன் வாளையும் தென்னாட்டு வாளையும் போல வளைத்தால் வளைந்து மீண்டும் நிமிர்கிறது என்று ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்பில் மெச்சிக்கொள்கிறார். அந்தக் கத்தி இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கைகாக்ஸின் பட்டியல் 'விண்கல் இரும்பு எஃகு' என்று சொல்வது, அறிந்தோ அறியாமலோ, தாவூத் செய்ததைத்தான்.

அடமன்ட்டைட்டின் மூலப்பெயரான அடமன்ட்டின் (கிரேக்கத்தில் அடமாஸ்) கதை இதற்கு நேர் எதிர். அங்கே முதலில் வந்தது பெயர், பொருள் பிறகுதான் தேடப்பட்டது. கி.மு. 700ஐ ஒட்டி கிரேக்கக் கவிஞர் ஹெசியாட் பாடிய தெய்வ வரலாற்றில் பூமித்தாய் சாம்பல் நிற அடமாஸைப் படைத்து அதில் ஓர் அரிவாள் செய்கிறாள். மகன் குரோனோஸ் அதைக் கொண்டு தந்தை வானத்தை வெட்டுகிறான். புரோமிதியஸைப் பாறையில் பூட்டிய விலங்கும் அதே அடமாஸ்தான். இன்ன உலோகம் என்று யாரும் சொல்லவில்லை. எதனாலும் வெட்டுப்படாதது என்பது மட்டுமே அதன் இலக்கணம். கி.பி. 77இல் தம் இயற்கை வரலாற்றை முடித்த ரோமானிய அறிஞர் பிளினி, அதே பெயரை ஒரு கல்லுக்கு ஏற்றி, அதன் வகைகளில் இந்தியாவிலிருந்து வருவதையும் சேர்த்தார். வைரம்தான் அது. பட்டறைக் கல்லில் வைத்து அடித்தால் சம்மட்டியே உடையும் என்றும், வெதுவெதுப்பான ஆட்டுக்கடா ரத்தத்தில் ஊறவைத்தால் மட்டுமே அது இளகும் என்றும் எழுதினார். வைரத்தைச் சம்மட்டியால் அடித்தால் நொறுங்கிவிடும் என்பதை 18ஆம் நூற்றாண்டு வரை உலகுக்கு வைரம் கொடுத்துவந்த இந்திய வணிகர் எவரும் அவரிடம் சொல்லியிருக்கலாம். அவர் கேட்கும் தூரத்தில் அவர்கள் இல்லை.

கல்லுக்குப் பெயர் போன பிறகும் இலக்கியம் அடமன்ட்டைக் கைவிடவில்லை. 1667இல் மில்டன் சாத்தானைப் பூட்டிய சங்கிலிகளை அதில் செய்தார். 1726இல் ஸ்விஃப்ட் கல்லிவரின் பயணத்தில் வரும் பறக்கும் தீவின் அடித்தளத்தை 200 கஜக் கனமுள்ள அடமன்ட் தகடாக்கினார். 1969இல் மார்வெல் சித்திரக்கதையில் அது அடமான்டியம் என்ற உலோகக் கலவையாகி, பின்னாளில் வுல்வரினின் எலும்பில் பூசப்பட்டது. பத்தாண்டு கழித்து கைகாக்ஸின் ஏணியில் உச்சிப்படி அதற்கே.

ஒரிகால்கம் இந்த மூன்றில் சேரவில்லை, ஆனால் பின்னால் வந்த பல விளையாட்டுகள் அதை விடவில்லை. பிளேட்டோ கி.மு. 4ஆம் நூற்றாண்டில் எழுதிய 'கிரிட்டியாஸ்' உரையாடலில் அட்லாண்டிஸ் தீவு வருகிறது. அங்கே வெளி மதிலுக்கு வெண்கலப் பூச்சு, அடுத்ததற்கு ஈயம்போல் வெளுத்த தகரப் பூச்சு, கோட்டை மதிலுக்கு நெருப்பாய்ச் செந்நிறத்தில் மின்னும் ஒரிகால்கம். தங்கத்துக்கு அடுத்த மதிப்பு அதற்கு. தம் காலத்தில் அது வெறும் பெயராகிவிட்டது என்று பிளேட்டோவே சொல்லிவிடுகிறார். கற்பனைத் தீவுக்கு ஏற்ற கற்பனை உலோகம் என்று நினைத்தால் அடுத்த திருப்பம் காத்திருக்கிறது. அதே பெயரை ரோமானியர்கள் பித்தளைக்கு வைத்தார்கள். அகஸ்டஸ் நாணயங்களைச் சீர்திருத்திய பிறகு செஸ்டர்ஷியஸ் காசு அதில்தான் அடிக்கப்பட்டது. சிசிலித் தீவின் கெலா கடற்கரைக்கு அருகே, கி.மு. 6ஆம் நூற்றாண்டில் மூழ்கிய கப்பல் ஒன்றிலிருந்து 39 உலோகப் பாளங்களைச் சுழியோடிகள் எடுத்த செய்தி 2015இல் வந்தது. செம்பு 75 முதல் 80 சதவீதம், துத்தநாகம் 15 முதல் 20 சதவீதம். அட்லாண்டிஸ் உலோகம் கிடைத்துவிட்டது என்று பத்திரிகைகள் தலைப்பிட்டன. கிடைத்தது பழைய பித்தளை. ஆனால் அந்தப் பித்தளைக்கும் ஒரு மர்மம் உண்டு. துத்தநாகம் 907 டிகிரியிலேயே ஆவியாகிவிடும், செம்பு உருகுவதோ அதற்கும் மேலே. இரண்டையும் திறந்த உலையில் சேர்க்க முடியாது. துத்தநாகத் தாதுவையும் கரியையும் செம்போடு மூடிய பாத்திரத்தில் அடைத்து, ஆவியைச் செம்புக்குள் ஏறச் செய்ய வேண்டும். துத்தநாகத்தைத் தனியாகக் கண்ணால் பார்த்திராத கொல்லர்கள் அதைச் செம்பில் கலந்து தங்க நிறம் கொண்டுவந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது மந்திரமாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

செய்தவர் ஓரிடத்திலும் வியந்தவர் வேறிடத்திலும் இருந்தபோதுதான் இந்த உலோகங்களுக்குக் கதை முளைத்தது. இதற்கு உலகத்திலேயே பெரிய சான்று டமாஸ்கஸ் எஃகு. இன்றைய விளையாட்டுகளில் அலைவரி ஓடும் கத்தியாக இது வரும்போது ஏதோ சிரியாவின் ரகசியம் என்ற எண்ணமே பெரும்பாலோருக்கு. அதன் மூலப்பொருள் பெரும்பாலும் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூசை என்ற மண்குடுவையில் உருவான உருக்கு. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் அல்கிந்தி எழுதிய வாள் நூலில் இந்திய வாளோடு சரந்தீப் வாளும் தனி வகையாக இடம்பெறுகிறது. சரந்தீப் என்பது இலங்கை. அங்கே சமனலவெவ பகுதியில் மலைச்சரிவில் மேற்கு நோக்கி வரிசையாகக் கட்டிய உலைகளைத் தொல்லியலாளர் கில் ஜூலெஃப் கண்டுபிடித்து 1996இல் வெளியிட்டார். கி.பி. 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை இயங்கியவை. துருத்தி இல்லை. தென்மேற்குப் பருவக்காற்றே ஊதியது. தமிழ்நாட்டில் பழைய தென்னார்க்காட்டு மேல்சிறுவலூரிலும் கொங்குநாட்டுக் கொடுமணலிலும் மூசைத் துண்டுகளும் உலைச் சான்றுகளும் கிடைத்திருக்கின்றன.

சேலம் பகுதியில் இந்த உருக்கு எப்படிச் செய்யப்பட்டது என்பதை 1830களில் ஜோசையா மார்ஷல் ஹீத் நேரில் பார்த்து எழுதினார். கிராமத்து உலையில் எடுத்த தேனிரும்பை அடித்துச் சிறு துண்டுகளாக்குவார்கள். அரை முதல் இரண்டு ராத்தல் வரை எடைக்கு இரும்பும், அதில் பத்தில் ஒரு பங்கு எடைக்கு நறுக்கிக் காயவைத்த ஆவாரங்குச்சியும் மண் மூசைக்குள் போகும். மேலே ஒன்றிரண்டு எருக்கிலை. பிறகு களிமண்ணால் வாயை அடைத்து அழுத்தி மூடுவார்கள். மண் காய்ந்ததும் 20 முதல் 24 மூசைகளை வளைவாக அடுக்கி, கரியால் மூடி, இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதுவார்கள். ஆறிய பிறகு மூசையை உடைத்தால் அடியில் கட்டியாக உருக்கு நிற்கும். ஆவாரங்குச்சியின் கரி இரும்புக்குள் ஏறி, அதன் உருகுநிலையைக் குறைத்து, முழுவதையும் திரவமாக்கிவிடுகிறது. ஐரோப்பாவில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் ஷெஃபீல்டில் மூசை எஃகு செய்தது 1740களில்தான். எருக்கும் ஆவாரையும் மண்டிய சாலையோரத்தைக் கடந்துபோகும் இன்றைய தமிழருக்கு இதில் ஏதும் மாயம் தெரியாது. அவை டமாஸ்கஸ் வாளின் உட்பொருள் என்று சொன்னால் சிரிப்புத்தான் வரும்.

அந்தக் கட்டிகள் கப்பலேறி ஈரானுக்கும் அரபு நாட்டுக்கும் போயின. தெலங்கானாவின் கோனசமுத்திரத்துக்கு ஈரானிய வணிகர்கள் 19ஆம் நூற்றாண்டிலும் நேரில் வந்து, பார்த்து, பொறுக்கி வாங்கினார்கள். அங்கிருந்து போன கட்டியை இஸ்பஹான், டமாஸ்கஸ் கொல்லர்கள் மங்கலான சிவப்புச் சூட்டில் பொறுமையாகத் தட்டி வாளாக நீட்டினார்கள். சூடு ஏறினால் கட்டி பொடிந்துவிடும். வெண்சூட்டில் அடித்தே பழகிய ஐரோப்பியக் கொல்லர்கள் கையில் அது திரும்பத் திரும்ப உடைந்ததற்கு இதுவே காரணம். தட்டியபின் அமிலச்சாறு பூசினால் தண்ணீர் அலைபோல வரி எழும். சூடான வாளை அடிமையின் உடலில் பாய்ச்சிக் குளிர்வித்தார்கள் என்பது போன்ற கட்டுக்கதைகள் ஐரோப்பாவில் உலவின. 1825இல் வால்டர் ஸ்காட் எழுதிய 'டாலிஸ்மன்' நாவலில் சலாவுதீன் தன் வாளால் பட்டுத் தலையணையைத் துண்டாக்கி, காற்றில் மிதந்த மெல்லிய துணியையும் வெட்டிக் காட்டுகிறான். நிகழாத காட்சி அது. ஆனால் விளையாட்டுகளில் வாள் கூர்மைக்கு இன்றளவும் அதுதான் அளவுகோல்.

கதையோடு ஆராய்ச்சியும் நடந்தது. 1795இல் ஜார்ஜ் பியர்சன் இந்த எஃகைப் பற்றி லண்டன் ராயல் சங்கத்தில் கட்டுரை படித்தார். 1819 முதல் சில ஆண்டுகள் மைக்கேல் ஃபாரடே, கத்தி செய்பவரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டோடு சேர்ந்து அதைப் போலச் செய்ய முயன்றார். கரியின் பங்கைத் தவறவிட்டு வேறு உலோகங்களைக் கலந்து பார்த்தவர்கள், வேண்டியதை அடையாமல் கலவை எஃகு என்ற புதுத்துறைக்கு விதை போட்டார்கள். ருஷ்யாவில் உலோகவியலாளர் அனோசவ் 1841இல் தம் சோதனைகளை நூலாக வெளியிட்டார். 1998இல் உலோகவியலாளர் வெர்ஹோவனும் கொல்லர் பென்ட்ரேயும் சேர்ந்து கண்டது, அலைவரிக்குக் காரணம் தாதுவில் இயல்பாகவே இருந்த துளி வனேடியம் என்பது. பத்து லட்சத்தில் சில பத்துப் பங்கு போதும். அந்தத் தாது தீர்ந்ததோ, வணிகப்பாதை மாறியதோ, ஆங்கிலேயரின் ஆலை எஃகு மலிவாக வந்து குவிந்ததோ, 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் மூசை உலைகள் அணைந்தன. ஹீத் 1830களில் பரங்கிப்பேட்டையில் தொடங்கிய இரும்பாலையும் நிலைக்கவில்லை. 'மறைந்துபோன எஃகு' என்ற பட்டம் அதன் பிறகு ஒட்டிக்கொண்டது.

குளிர்ந்த இரும்பும் வெள்ளியும் விளையாட்டுகளில் தனிச்சரக்கு. கற்பனைப் பிறவிகள் மீது மட்டும் வேலை செய்யும் சாதாரண உலோகங்கள் இவை. தேவதைகளும் பேய்களும் இரும்புக்கு அஞ்சும் என்ற நம்பிக்கை ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதன்று. ராத்திரியில் கறிச்சோறு கொண்டுபோகிறவர் கூடையில் கரித்துண்டும் இரும்பாணியும் போட்டு அனுப்பும் வழக்கம் தமிழகக் கிராமங்களிலும் உண்டு. ஓநாய் மனிதனை வெள்ளிதான் கொல்லும் என்ற விதி உலகெங்கும் பரவ 1941இல் வந்த 'வுல்ஃப் மேன்' படம் பெரிதும் உதவியது. புராணத் தொன்மை என்று பலர் நினைக்கும் இது ஹாலிவுட் ஸ்டுடியோவில் வலுப்பெற்ற வழக்கம்.

இனி மித்ரில். 1937இல் வெளியான டோல்கீனின் 'ஹாபிட்' முதல் பதிப்பில் அந்தப் பெயரே கிடையாது. பில்போவுக்குக் குள்ளர் தலைவன் தோரின் கொடுக்கும் சங்கிலிச் சட்டை அங்கே வெறும் வெள்ளிப்பூச்சுள்ள எஃகு. 1954இல் வந்த 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' முதல் தொகுதியில்தான் மித்ரில் பிறக்கிறது. மோரியா சுரங்கத்தின் இருளில் நடந்துகொண்டே மந்திரவாதி கண்டால்ஃப் அதன் வரலாற்றைச் சொல்கிறான். செம்பைப் போல் தட்டலாம், கண்ணாடியைப் போல் மெருகேற்றலாம், எடை குறைவு, எஃகைவிட உறுதி, கறுக்காத வெள்ளி. ஒரு காலத்தில் தங்கத்தைப்போல் பத்து மடங்கு விலை. இப்போது விலையே சொல்ல முடியாது. கதைநாயகன் ஃப்ரோடோ சட்டைக்கடியில் அதை அணிந்திருந்ததால்தான் ஈட்டிக்குத் தப்புகிறான். அந்த உலோகத்தைத் தேடி ஆழத்துக்கும் ஆழம் தோண்டியே குள்ளர்கள் அடியில் உறங்கிய பால்ராக் அரக்கனை எழுப்பிவிட்டார்கள். 1966இல் திருத்திய பதிப்பில் டோல்கீன் 'ஹாபிட்' சட்டையையும் மித்ரில் ஆக்கி, பழைய கணக்கைச் சரிசெய்தார்.

எடை குறைந்த, துருவேறாத, வெள்ளி நிறமுள்ள உலோகம் என்ற எண்ணம் அப்போது முழுக் கற்பனையும் அல்ல. நூறாண்டுக்கு முன் அலுமினியத்துக்கு இதே பெயர் இருந்தது. 1855 பாரிஸ் கண்காட்சியில் டெவில் என்ற வேதியியலாளர் செய்த அலுமினியக் கட்டிகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. மூன்றாம் நெப்போலியன் அந்த ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்ததற்கு ஒரு காரணம், தம் படைக்கு எடை குறைந்த தளவாடம் கிடைக்கும் என்ற ஆசை. 1884இல் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் 100 அவுன்ஸ் அலுமினியப் பிரமிடை வைத்தார்கள். அப்போது அது ஏறக்குறைய வெள்ளி விலை. இரண்டே ஆண்டில் ஹாலும் எரூவும் மின்பகுப்பு வழியைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த தலைமுறைக்குள் அது சமையல் பாத்திரமானது. அதே வீழ்ச்சி மித்ரிலுக்கும் நேர்ந்தது, விளையாட்டுகளுக்குள்.

1974இல் கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' முதல் பதிப்பை ஆயிரம் பிரதிகள் அச்சிட்டபோது அதில் ஹாபிட்டுகளும் பால்ராக்கும் அப்படியே இருந்தன. டோல்கீன் நூல்களின் உரிமைதாரர்கள் ஆட்சேபித்தபின், 1977ஐ ஒட்டி, ஹாபிட் 'ஹாஃப்லிங்' ஆனான். 1979 கையேட்டில் மித்ரில் ஓர் உயிரெழுத்து மாறி மித்ரலாக நிற்கிறது. இந்த விளையாட்டில் வெட்டு விழுகிறதா என்பதை 20 முகப் பகடை தீர்மானிக்கிறது. கவசத்துக்கு ஒரு புள்ளி கூடினால் எதிரியின் வாய்ப்பில் ஐந்து சதவீதம் குறையும். அடமன்ட்டைட் கவசம் என்றால் 25 சதவீதம். ஹெசியாட்டின் வெட்டுப்படாத பொருளுக்கு ஓர் எண் கிடைத்த இடம் இது. எண் கிடைத்ததும் அது வெட்டுப்படக்கூடியதாகவும் ஆகிவிட்டது.

எண்ணோடு ஒரு தொல்லையும் வந்தது. கதையில் ஒரு வாளை வீரன் எடுத்துக்கொண்டால் கதை முடிந்துவிடும். விளையாட்டில் கொன்ற எதிரி ஒவ்வொருவனின் கவசத்தையும் ஆட்டக்காரர்கள் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்வார்கள். 1978இல் கைகாக்ஸ் எழுதிய சாகசங்களில் ட்ரௌ என்ற நிலவறை எல்ஃப்கள் வருகிறார்கள். அவர்களுடைய கரிய அடமன்ட்டைட் கலவை ஆயுதங்கள் எல்லாம் தனிச்சிறப்புக் கொண்டவை. படை படையாக வருகிறவர்களிடமிருந்து அத்தனையும் பறித்தால் ஆட்டமே சாய்ந்துவிடும். ஆகவே ஒரு விதி: அந்த உலோகம் வெயில் பட்டால் சிதைந்து ஒன்றுக்கும் உதவாமல் போகும். உலோகவியலுக்கு நகைப்பாகப் படலாம். ஆட்டத்தை நடத்துகிறவருக்கு இதைவிடக் கச்சிதமான தீர்வு கிடையாது.

பொருள் பெருகினால் மதிப்புக் குறையும் என்பதைப் புரிந்துகொண்ட வேறு சிலர் வேறு வழியில் போனார்கள். 1978இல் வெளியான 'ரூன்குவெஸ்ட்' விளையாட்டின் குளோரந்தா உலகத்தில் வெண்கலம் தோண்டியெடுப்பது. இறந்த தெய்வங்களின் எலும்பு அது. இரும்பு அங்கே அரிய பொருள். 1991இல் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டுக்கே வந்த 'டார்க் சன்' உலகம் இன்னும் கடுமை. பாலைவனமான அந்த உலகில் உலோகமே கிட்டத்தட்ட தீர்ந்துவிட்டது. எலும்பாலும் அப்சிடியன் கல்லாலும் மரத்தாலும் வாள் செய்கிறார்கள், நாணயம் சுட்ட மண். ஒரு சாதாரண எஃகு வாள் கிடைத்தால் ஆட்டக்காரர்கள் கைகொட்டினார்கள். உலோகத்துக்கு மந்திரம் தருவது அதன் இயல்பைவிட அதன் பஞ்சமே என்பதை இந்த இரண்டு உலகங்கள்தான் நன்றாக உணர்ந்திருந்தன. 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' பொதுவிதிகள் மறுபக்கம் போயின. 2003இன் விதிகளில் நீள்வாளின் விலை 15 பொற்காசு. அதையே அடமன்ட்டைனில் செய்ய 3,000 கூடுதல். மித்ரல் சட்டை 1,100. கடைக்குப் போய் வாங்கலாம்.

ஜப்பானில் 1988இல் வந்த 'டிராகன் குவெஸ்ட் 3' இதில் ஓர் அழகான இடைவழி. மன்னர்களின் வாளை அசுரன் அழித்துவிட்டான். அதன் மூலப்பொருளான ஒரிகால்கம் ஒரு மேய்ச்சல் நிலத்தில் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. ஆட்டக்காரர் அதை எடுத்துப்போய் ஒரு குறிப்பிட்ட கடையில் விற்றுவிட வேண்டும். சிறிது காலம் கழித்து அதே கடைக்குப் போனால், கடைக்காரர் அடித்த புதிய வாள் விற்பனைக்கு இருக்கும். விலை விற்றதைவிடக் கூடுதல். உலோகம், கொல்லர், காத்திருப்பு, லாபம் என்று தொழிலின் முழு வட்டமும் அதற்குள் அடங்கியது.

இணையத்தில் ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகில் கூடி ஆடத் தொடங்கியபின் சுரங்கமும் பட்டறையும் ஆட்டக்காரர் கைக்கே வந்துவிட்டன. 2001இல் தொடங்கிய 'ரூன்ஸ்கேப்' விளையாட்டில் வெண்கலம், இரும்பு, எஃகு, மித்ரில், அடமன்ட், ரூன் என்று ஏணி. உலையில் மித்ரில் பாளம் வார்க்க அப்போது 50ஆம் நிலைத் திறன், அடமன்டுக்கு 70, ரூனுக்கு 85. நிறமும் தெளிவு: மித்ரில் நீலம், அடமன்ட் பச்சை, ரூன் வெளிர்நீலம். பள்ளிப் பிள்ளைகள் மணிக்கணக்காகப் பாறையைக் கிளிக் செய்து மித்ரில் தோண்டினார்கள். சில வாரம் ஆடியவர் கழற்றி விற்றுவிடும் நடுத்தரச் சரக்காக மாறிப்போனது கண்டால்ஃப் விலை சொல்ல முடியாது என்ற உலோகம். செய்தவருக்கும் வியப்பவருக்கும் இடையே இருந்த தூரம் இங்கே மறைந்துவிட்டது.

2004இல் வந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' ஏணியில் மித்ரிலுக்கு மேலே தோரியம் நிற்கிறது. இதை மட்டும் கற்பனை என்று தள்ள முடியாது. 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் பெர்சீலியஸ் கண்டுபிடித்து, நார்டிக் இடித்தெய்வமான தோர் பெயரை வைத்த தனிமம் அது. தெய்வத்தின் பெயரால் விளையாட்டு வடிவமைப்பாளர்கள் மயங்கியிருக்க வேண்டும். உண்மையில் தோரியம் மென்மையான, இரும்பைப்போல் ஒன்றரை மடங்கு எடையுள்ள, கதிரியக்க உலோகம். அதில் மார்புக்கவசம் அடித்து அணிகிற வீரன் எதிரியைவிடக் கவசத்துக்கே அதிகம் அஞ்ச வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட்டாக அது கிடக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த மணல் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. விளக்கு மேண்டில் வலையைப் பிரகாசிக்கச் செய்ய தோரியம் ஆக்சைடு தேவைப்பட்டதுதான் காரணம்.

2011இல் வந்த 'ஸ்கைரிம்' ஒரிகால்கத்தை ஆர்க் இனத்தாரின் கரும்பச்சைக் கவசத்துக்கு மாற்றிவிட்டது. பிளேட்டோவின் செந்நெருப்பு அதில் துளியும் இல்லை. அதே விளையாட்டில் ட்வெமர் என்ற மறைந்துபோன குள்ளர் இனத்தின் உலோகம் ஒன்றுண்டு. அதைத் தோண்டியெடுக்கத் தாது கிடையாது, புதிதாகச் செய்யவும் யாருக்கும் தெரியாது. பாழடைந்த நிலத்தடி நகரங்களில் கிடக்கும் பழைய தகட்டையும் குழாயையும் பொறுக்கிவந்து உருக்கிக்கொள்ளத்தான் முடியும். பித்தளை நிறத்தில் அது இருப்பது தற்செயலாகவும் இருக்கலாம்.

2014இல் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஐந்தாம் பதிப்பு வந்தபோது பழைய ஏணியைக் கலைத்துவிட்டார்கள். அடமன்ட்டைன் கவசம் போட்டவர்மேல் பகடையில் 20 விழுந்தாலும் அது இரட்டைக் காயம் தராது, சாதாரண வெட்டாகக் கணக்கிடப்படும். மித்ரல் கவசம் போட்டவருக்கு ஒளிந்து நடக்கும்போது சத்தத்தால் வரும் தண்டனை இல்லை, அணிவதற்குக் குறைந்தபட்ச வலிமையும் தேவையில்லை. கூடுதல் காப்புப் புள்ளி இரண்டுக்குமே கிடையாது. விண்கல் இரும்புக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.